பானெட் மூடாத கரோலா

ஸொரைதாவின் வீட்டுப் போர்டிகோவில் கார் நிற்கிறது என்று சொல்ல முடியாது. நாலு கட்டையின் மேல் உட்கார்ந்திருந்தது. பழைய கரோலா. டர்போ போட்டாகிவிட்டது. அது திணிக்கும் காற்றை வாங்கி எஞ்சினுக்குப் பங்கிட்டுத் தரும் அலுமினியப் பெட்டியை நானேதான் செய்வேன் என்று அவள் ஒற்றைக்காலில் நின்றாள்.

முதல் பெட்டி வெல்டிங் சூட்டில் கோணிக்கொண்டது. இரண்டாவது கசிந்தது. அடுத்ததன் வாய்களை அடைத்து, காற்றேற்றி, சோப்புத் தண்ணீர் தெளித்துப் பார்த்தாள். ஒரு குமிழிகூட வரவில்லை. அங்கேயே ஒரு குத்தாட்டம் போட்டாள்.

அவள் செய்த பாகங்களை மாட்டிக்கொண்டு தெருவே பந்தயத்தில் ஜெயித்திருக்கிறது. அவள் மட்டும் ஒருமுறைகூட ஓட்டியதில்லை. "அண்ணி வெல்டிங் வைக்கட்டும், ஓட்டறத நாங்க பாத்துக்கறோம்" என்று கொழுந்தன் ஹோனியல் குடும்பம் முழுக்கச் சொல்லித் திரிந்தான். நாளை ஞாயிறு, சலினாஸ் ஊரின் கார்ப் பந்தய ஓடுதளத்தில் அவனோடுதான் அவளுக்குப் போட்டி.

சனிக்கிழமை மதியம் அவள் கணவன் எலியுட் பட்டறையிலிருந்து பானெட்டைக் கொண்டுவந்தான். பெயின்டர் அவன். கம்பளியை விலக்கினால் பழுத்த மாம்பழ நிறம், முகம் பார்க்கலாம்.

மாட்டினார்கள். மூடினார்கள். மூடவில்லை. இரண்டு விரல் இடைவெளியில் பெட்டி முட்டிக்கொண்டு நின்றது.

"யாரும் அமுக்காதீங்க!" என்று கத்தினாள் ஸொரைதா.

காப்பி வாசனைக்கு வந்திருந்த ஹோனியல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "அண்ணி, தொப்பி சின்னதா போச்சே!"

ரேடியேட்டர், பேட்டரி என்று எல்லாவற்றுக்கும் இடம் பார்த்து அளந்தவள், மேலே பார்க்கவில்லை. அந்தத் தெருவில் பானெட் இல்லாத கார்தான் வழக்கம். தினமும் வந்து யோசனை சொன்ன மேதாவிகளில் ஒருவனுக்கும் உறைக்கவில்லை. ஆனால் சலினாஸில் பானெட் இல்லாமல் விடமாட்டார்கள்.

"பெட்டிய வெட்டிக் குறைச்சா?" என்றான் எலியுட்.

"மறுபடி ஒட்டி, கசிவு பாத்து... நாளைக்குள்ள ஆகாது. விடு, நான் ஓட்டல." ஸொரைதா கையுறையைக் கழற்றி எறிந்தாள்.

எலியுட் பெயின்டை ஒருமுறை தடவினான். பிறகு டேப்பை எடுத்துப் பானெட்டின் நடுவில் சதுரமாக ஒட்டினான்.

"டேய், என்னடா பண்ற? எத்தனை நாள் உழைச்ச!" என்று அவன் கையைப் பிடித்தாள் ஸொரைதா.

"நீ உழைக்கலையா? இவ்வளவு அழகா ஒண்ணச் செஞ்சு வச்சிருக்க. அதப் போய் மூடி மறைக்கவா நான் பெயின்ட் அடிச்சேன்? தள்ளு."

கட்டிங் மெஷின் அலறியது. முதல் பொறி பறந்தபோது அவனே கண்ணை மூடிக்கொண்டான். ஹோனியலின் சிரிப்பு நின்றுபோனது. "அய்யோ, அந்தக் கலரு!" என்று அவன்தான் புலம்பினான். ஸொரைதா அழுதுகொண்டே சிரித்தாள். அப்படி ஒரு சந்தோஷம்.

மறுநாள் சலினாஸில் மஞ்சள் பானெட்டில் வெட்டிய ஓட்டை வழியே வெள்ளி நிறப் பெட்டி எட்டிப் பார்த்தது. சுற்றி ஒரே கூட்டம். "யார் செஞ்சது?" என்று யார் கேட்டாலும், "என் பொண்டாட்டி" என்று எலியுட் முந்திக்கொண்டான். கேட்காதவர்களுக்கும் சொன்னான்.

பச்சை விளக்கு எரிந்தது. ஹோனியலின் கார் முதலில் பாய்ந்தது. பாதித் தூரத்தில் டர்போ விசிலடிக்க, கரோலா அவளை இருக்கையோடு அழுத்தியது. பக்கத்தில் தெரிந்த ஹோனியலின் கதவு பின்னால் போனது. பிறகு அவன் காரே காணவில்லை. கடைசிக் கோட்டைத் தாண்டியபோது அவள் பக்கத்து வெற்றி விளக்குதான் எரிந்தது.

ஓடுதளத்தின் கோடியில் ஸ்டியரிங்கை விடாமல் உட்கார்ந்திருந்தாள். ஹோனியல் ஓடிவந்து கதவைத் திறந்தான். "இறங்குங்க அண்ணி! உங்களத் தோள்ல தூக்கணுமாம், எல்லாரும் வர்றாங்க!"

"உங்க அண்ணனத் தூக்கட்டும்" என்று கதவை இழுத்துச் சாத்தினாள் ஸொரைதா. "நான் இறங்க மாட்டேன். மறுபடி ஓட்ட வரிசையில நிக்கப் போறேன்."