ஈர அட்டை வாசனை

காலையிலிருந்து அந்த மண்டபத்தில் நாற்பது பேர் துப்பிக்கொண்டிருந்தார்கள். எல்லாரும் படித்தவர்கள், பாதிப் பேர் விமானத்தில் வந்து இறங்கியவர்கள். கிளாஸைச் சாய்த்து நிறம் பார்ப்பது, மூக்கை உள்ளே விட்டு முகர்வது, ஒரு வாய் எடுத்துக் கொப்பளிப்பது, பக்கத்து வாளியில் துப்புவது, தாளில் மார்க் போடுவது, பிறகு அடுத்த கிளாஸ். பல நாட்டு ஒயின்கள் வந்திருந்தாலும் எல்லாமே ஒரே ரகத் திராட்சையில் செய்தவை. போட்டியே அந்த ஒரு திராட்சைக்குத்தான். எது யாருடையது என்று நடுவர்களுக்குத் தெரியக் கூடாதென்று புட்டிகளுக்குத் துணிப்பை மாட்டிக் கழுத்தில் எண் கட்டியிருந்தார்கள்.

சன்னலோர மேசையில் கடைசி நாற்காலியில் உட்கார்ந்திருந்தவளை, அவள் வேலை பார்க்கும் ஒயின் ஆலையில் ‘மூக்கு’ என்றுதான் கூப்பிடுவார்கள். பீப்பாய் கழுவ வந்தவள். கெட்டுப்போன பீப்பாயைத் திறப்பதற்கு முன்பே முகம் சுளித்துக் காட்டிக்கொடுத்து, படிப்படியாகச் சுவை பார்க்கும் இடத்துக்கு வந்துவிட்டாள். மூக்கு சரியென்றால் முதலாளிக்கும் சரி. இந்த வருஷம் அவளை முதல் தடவையாக நடுவராக அனுப்பினார். அனுப்பும்போது, அங்கே போய் ஆலையின் பெயரைக் கெடுத்துவிடாதே, புட்டி அடைக்கிற பக்கம் ஆள் பற்றவில்லை என்று வேறு கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள் என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அந்தச் சிரிப்பைத்தான் அவளால் மறக்க முடியவில்லை.

குளிர்காலத்தில் அவளுக்கு ஒரு காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போகும்போது வாசனையையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. சில வாரம் கழித்து வாசனை திரும்பி வந்தது, ஆனால் வந்தது வேறு ஒன்று. எதை முகர்ந்தாலும் மழையில் நனைந்த அட்டைப்பெட்டி. காபியில் ஈர அட்டை, சோப்பில் ஈர அட்டை, தலையணையில் ஈர அட்டை. நரம்பு மறுபடி வளர்கிறது, சரியாகிவிடும், மூக்கு ரொம்பக் களைத்துப்போனால் மட்டும் அந்த அட்டை வாசனை அவ்வப்போது எட்டிப் பார்க்கும் என்றார் டாக்டர். இதில் கொடுமை என்னவென்றால், கார்க் கெட்டுப்போன ஒயினிலும் வருவது இதே ஈர அட்டை வாசனைதான். அதைக் கண்டுபிடிப்பதுதான் அவளுடைய பிழைப்பு. ஆலையில் யாரிடமும் மூச்சு விடவில்லை. நாக்கையும் நிறத்தையும் பழக்கத்தையும் வைத்து ஒப்பேற்றிக்கொண்டிருந்தாள்.

விஷயம் தெரிந்தவர் கணவர் ஒருவர்தான். அதே ஆலையில் பீப்பாய் தூக்கி முதுகு போய், இப்போது வீட்டில் இருக்கிறார். தினமும் காலையில் அவள் கண்ணைத் துணியால் கட்டிவிட்டு, மூன்று கப்பை ஒவ்வொன்றாக மூக்கருகே நீட்டுவார். கொஞ்ச நாளாக அவள் மூன்றையும் சரியாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அன்று காலையும் சொன்னாள்.

"காபித்தூள். எலுமிச்சைத் தோல். சோப்பு."

"அடேங்கப்பா. போ, போய் ஜெயிச்சுட்டு வா. உன் மூக்கை நம்பித்தான் இந்த வீடு நிக்குது."

அவர் சோம்பேறித்தனமாகத் தினமும் அதே வரிசையில்தான் கப்பை நீட்டுகிறார் என்பது அவளுக்குத் தெரியும். அதை அவரிடம் சொல்லவில்லை. தனக்கே கூடச் சொல்லிக்கொள்ளவில்லை.

முதல் சுற்று நன்றாகவே போனது. கறுத்த பழம், மிளகு, கொஞ்சம் புகை என்று மற்றவர்கள் சொன்னதெல்லாம் அவளுக்கும் கிடைத்தது, அல்லது கிடைத்த மாதிரி இருந்தது. மேசைத் தலைவர் நரைத்த தாடி வைத்த பெரியவர், யாரையும் கடிந்து பேசாதவர். அவளுக்குப் பக்கத்து நாற்காலியில், பல ஊர்களில் ஒயின் கடை வைத்திருக்கும் ஒருவர், எல்லாவற்றுக்கும் முதல் ஆளாகக் கருத்துச் சொல்வார். இன்னும் இரண்டு பேர் பேசாமல் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

இரண்டாவது சுற்றில் மூன்றாவது கிளாஸை எடுத்தாள். ஈர அட்டை.

பழையது திரும்பிவிட்டதோ என்று பயந்தாள். ஆனால் உடனே ஒரு நிம்மதியும் வந்தது. கார்க் கெட்டுப்போயிருக்கலாம், அதைச் சொல்லத்தானே வந்திருக்கிறோம். கையைத் தூக்கிச் சொன்னாள். மற்ற நான்கு பேரும் மறுபடி முகர்ந்தார்கள். தனக்கு ஒன்றும் தெரியவில்லையே, அருமையாக இருக்கிறதே என்றார் கடைக்காரர். யாராவது சந்தேகப்பட்டால் வேறு புட்டி திறக்க வேண்டும் என்பது போட்டியின் முறை. தலைவர் திறக்கச் சொன்னார். அதிலும் ஈர அட்டை. நான்காவது கிளாஸை எடுத்தாள், அதிலும் அதுவே. ஐந்தாவதில் இன்னும் பலமாக.

"இதுலயுமா?" என்றார் தலைவர். குரலில் கோபம் இல்லை, கவலை இருந்தது. அதுதான் அவளைக் கொன்றது.

"இல்ல, இது சரியா இருக்கு" என்றாள்.

அதன் பிறகு அவள் முகரவில்லை, முகர்கிற மாதிரி செய்தாள். கடைக்காரர் வாயைத் திறக்கும் வரை பேனாவைத் தாளில் வைக்காமல் இருந்து, அவர் சொல்வதிலிருந்து ஒன்று கூட்டியோ குறைத்தோ எழுதினாள். நடுவில் ஒருதரம் அவர் குறும்புக்காகவோ என்னவோ, நீங்கள் முதலில் சொல்லுங்களேன் என்றார். வாய் நிறைய ஒயின் இருப்பதாகச் சைகை காட்டித் தப்பித்தாள். புட்டி அடைக்கிற பக்கத்தில், புட்டி ஓடும் பட்டையின் முன்னால், தலையில் வலை மாட்டிக்கொண்டு தான் நிற்பது கண்ணுக்குத் தெரிந்தது. அங்கேயும் எத்தனை நாள் நிற்க விடுவார்களோ.

இடைவேளை விட்டதும் முகம் கழுவப் போனாள். போகிற வழியில் கிளாஸ் கழுவும் அறை. கதவு திறந்திருந்தது, உள்ளே நீராவி. ரப்பர் ஏப்ரன் கட்டிய ஓர் அம்மா கிளாஸ்களை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துத் துடைத்துக்கொண்டிருந்தார். தரையில் அட்டைப்பெட்டிகள். அவற்றுக்குள் கிளாஸ்களை வாய் கீழாகக் கவிழ்த்து வைத்திருந்தது. ஒரு பெட்டியின் அடி தண்ணீரில் ஊறிக் கறுத்திருந்தது.

குனிந்து அதிலிருந்து ஒரு கிளாஸை எடுத்து முகர்ந்தாள். ஈர அட்டை. சந்தேகமே இல்லை.

நம்மிடம் இல்லை, கிளாஸில் இருக்கிறது. கழுவிய கிளாஸை அட்டையில் கவிழ்த்தால் அந்த வாசனை உள்ளேயே தங்கிவிடும் என்பது ஆலையில் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். அவளுக்கு அழுகை வந்தது. அந்த அம்மா திரும்பிப் பார்த்து, "அது இல்ல மேடம், அது வந்து..." என்று ஏதோ சொல்ல ஆரம்பித்தார். அவள் கேட்க நிற்கவில்லை. கிளாஸைக் கையில் பிடித்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாக மண்டபத்துக்கு வந்துவிட்டாள்.

தலைவர் அந்தக் கிளாஸை வாங்கினார். பிறகு மேசையிலிருந்த ஒரு காலிக் கிளாஸையும் எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு நிதானமாக முகர்ந்தார். மண்டபமே அவரைப் பார்த்தது.

"ஆமா" என்றார்.

அவ்வளவுதான். எல்லாரும் காலிக் கிளாஸைத் தூக்கினார்கள். நாற்பது நிபுணர்கள் வெறும் கிளாஸுக்குள் மூக்கை விட்டுக்கொண்டு நின்றது பார்க்க வேண்டிய காட்சி. ஒருவர் லேசாக என்றார், ஒருவர் பலமாக என்றார். ஓர் அம்மாள் தனக்கு எதுவும் இல்லையென்றார். பக்கத்திலிருந்தவர் அவரைப் பாவமாகப் பார்த்ததும் மறுபடி முகர்ந்துவிட்டு, இருக்கிறது, அடியில் இருக்கிறது என்று ஒப்புக்கொண்டார். தனக்கு ஆரம்பத்திலிருந்தே ஏதோ உறுத்தியதாகவும், சபையில் சொல்லக் கூச்சமாக இருந்ததாகவும் கடைக்காரர் சொன்னார்.

மண்டபத்து வேலைகளைப் பார்த்துக்கொள்ளும் மேற்பார்வையாளர் வியர்த்துக்கொண்டே வந்தார். இனி இப்படி நடக்காது, யார் செய்ததோ அவர்களை இப்போதே கவனித்துக்கொள்கிறேன் என்றார். கிளாஸ்களை மறுபடி கொதிநீரில் அலசிக் கொண்டுவந்தார்கள். இரண்டாவது சுற்றை முதலிலிருந்து நடத்தினார்கள். இப்போது சுத்தமாக இருக்கிறது என்று எல்லாரும் ஒரே குரலில் சொன்னார்கள். அவளும் முகர்ந்தாள். வாசனை குறைந்த மாதிரி இருந்தது. குறையாத மாதிரியும் இருந்தது. களைப்பாக இருக்கும், இத்தனை ஒயினுக்கு யாருக்குத்தான் குழம்பாது என்று நினைத்து, மற்றவர்களைப் போலத் தலையாட்டினாள்.

சாயங்காலம் பரிசு அறிவித்த மேடையில் தலைவர் அவளை எழுந்து நிற்கச் சொன்னார். நாங்கள் எல்லோரும் கோட்டை விட்டதைப் பிடித்தவர் இவர் என்றார். கை தட்டினார்கள். அடுத்த வருஷமும் நீங்கள் வர வேண்டும் என்று கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். அதற்குள் முதலாளிக்கு யாரோ தகவல் சொல்லியிருந்தார்கள். போனில் கூப்பிட்டு, புட்டி அடைக்கிற பக்கத்தைப் பற்றி நான் சொன்னதை மறந்துவிடு, விளையாட்டுக்குச் சொன்னது என்றார். அவள் கணவருக்குச் செய்தி சொன்னாள். நாளைக்கு இன்னொரு கப்பும் சேர்த்து வைக்கிறேன் என்றார் அவர்.

பரிசாகக் கொடுத்த புட்டியைப் பையில் வைத்துக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு வந்தாள். பெஞ்சில் அந்தக் கழுவுகிற அம்மா உட்கார்ந்திருந்தார். ஏப்ரன் மடியில் மடித்து வைத்திருந்தது. அவளைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தார்.

"உக்காருங்கக்கா" என்று அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள். வேலை முடிந்ததா என்று கேட்டாள்.

முடிந்துவிட்டது, நாளைக்கும் கிடையாது, மேற்பார்வையாளர் ஏஜென்சிக்கே போன் பண்ணி இந்த ஆளை இனிமேல் அனுப்பாதீர்கள் என்று சொல்லிவிட்டார் என்றார் அந்த அம்மா. குரலில் சண்டை இல்லை. கணக்கு விடை வராத பிள்ளையின் முகம் மாதிரி இருந்தது முகம்.

"எனக்கு ஒண்ணுதான் மேடம் புரியல. அந்த அட்டைப்பெட்டில இருந்தது பூராவும் ராத்திரி விருந்துக்கு எடுத்து வச்ச கிளாஸு. வாடகைக்கு வந்தப்பவே அப்படித்தான் வந்துச்சு. அத இன்னும் நான் கழுவவேயில்ல. உங்க ஹாலு கிளாஸு மெஷின்லேருந்து பிளாஸ்டிக் தட்டு, தட்டோட தள்ளுவண்டில ஏத்தி நேரா உங்க மேசைக்கு. அட்டை பக்கமே போகல."

அவள் புட்டி இருந்த பையை மடியிலிருந்து இறக்கிக் காலடியில் வைத்தாள். சாலையில் வண்டிகள் போய்க்கொண்டிருந்தன.

"அவர்ட்ட சொன்னீங்களா?"

"சொன்னேனே. தள்ளுவண்டிய அவரும்தானே பாத்தாரு. அவருக்கும் தெரியும். ஆனா நாப்பது பேரு மோந்து பாத்துச் சொல்றாங்க, படிச்சவங்க அத்தன பேரும் பொய் சொல்வாங்களாங்கறாரு." அந்த அம்மா ஏப்ரனை இன்னொரு மடிப்பு மடித்தார். "அதுவும் சரிதானே. அதான் யோசிச்சுட்டே உக்காந்திருக்கேன். நானே எங்கயோ மறந்தாப்ல ஒரு தட்டு கிளாஸ அட்டைப்பெட்டில கவுத்துட்டேனோ என்னவோ."

கூட்டத்தில் கடைசியாக வெளியே வந்தவர்கள் மண்டபத்து வாசலில் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். நரைத்த தாடி இங்கிருந்தே தெரிந்தது. எழுந்து போய் இரண்டு வார்த்தை சொன்னால் இந்த அம்மாவுக்கு வேலை திரும்பிவிடும். அவளுக்குப் போய்விடும். வெட்கமாக இருந்தது. அதைவிட அதிகமாகப் பயமாக இருந்தது. ஒருவேளை மேசைக் கிளாஸிலும் நிஜமாகவே இருந்திருக்கலாம், அந்தப் பெரியவருக்குமா தெரியாது என்று எண்ணிப் பார்த்தாள். அந்த எண்ணம் கொஞ்ச நேரம் நின்றது, பிறகு நிற்கவில்லை. தாடிக்காரர் காரில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார். அவள் பெஞ்சை விட்டு எழுந்திருக்கவில்லை.

"வேலை போனா போகுது, இந்தக் கை வாசனையாச்சும் போகும்" என்று அந்த அம்மா சிரித்தார். "ஒரு வாரமா இங்க கழுவக் குடுக்கற அந்த எலுமிச்சை சோப்பு. சாப்பாட்டுல கை வச்சா சோப்பத் தின்ன மாதிரி இருக்கு. எம்பொண்ணு கிட்டயே வரமாட்டேங்குது. அவ்வளவு காட்டம். நீங்களே பாருங்களேன் மேடம், உங்களுக்குத் தெரியாததா."

வலது கையை நீட்டினார். நாளெல்லாம் வெந்நீரில் கிடந்து விரல் நுனியெல்லாம் வெளுத்துச் சுருங்கியிருந்தது. அவள் அந்தக் கையை இரண்டு கையாலும் பிடித்து, குனிந்து, ஆழமாக மூச்சை இழுத்தாள்.

ஈர அட்டை.

"தெரியுதா?"

"தெரியுதுக்கா" என்றாள். "எலுமிச்சை."

அந்த அம்மா தலையாட்டினார். பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்தார். பிறகு ஏதோ சந்தேகம் வந்தவர் போல, அதே கையைத் தன் மூக்கருகே கொண்டுபோய், அட்டை வாசனை வருகிறதா என்று ஒருதரம் முகர்ந்து பார்த்துக்கொண்டார்.