விண்ணப்பத்தில் எழுதிய அகலம்

2009 அக்டோபர் முதல் தேதி காலையில் பிரிம்லி ஆறு முன்னைவிட ஏழு அடி அகன்றிருந்தது. மழையில்லை, வெள்ளமில்லை; கிழக்குக் கரை, மேலே இருந்த டயாலிசிஸ் நிலையத்தோடு சற்றுத் தள்ளி நின்றது, அவ்வளவுதான். முந்தைய இரவு நெடுஞ்சாலை நிதிச் சட்டம் காலாவதியாகி, வாஷிங்டனில் ஒரு மாதத்துக்கு மட்டும் தற்காலிகச் சட்டம் போட்டிருந்தார்கள்.

1956ஆம் ஆண்டு நெடுஞ்சாலைச் சட்டத்தின் காசில் கட்டிய எங்கள் பாலத்தை, புதிதாகக் கட்டுவதற்காக அந்த வசந்தத்திலேயே இடித்திருந்தோம். இலையுதிர்காலத்தில் புதுச் சட்டம் வந்துவிடும் என்று நம்பினோம். நம்பிக்கைக்கு மட்டும் எங்கள் கென்டக்கி மூலையில் குறைச்சலே கிடையாது. டெல்மர் டாக்கெட்டின் சிறுநீரகங்களுக்காக அவன் மனைவி வாண்டா வாரம் மூன்று நாள் அறுபத்தொரு மைல் சுற்றி ஓட்டினாள். "அந்தக் கரைக்கு என் மூஞ்சி புடிக்கல, வாண்டா. பாத்ததும் நகருது" என்பான் அவன்.

ஒவ்வொரு தற்காலிகச் சட்டத்துக்கும் ஏழு அடி. சாலைகளுக்குக் காசு தரும் பெட்ரோல் வரி மட்டும் 1993இல் நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை. மாவட்டப் பொறியாளர் ஓரின் ஸ்காக்ஸ் ஆற்றை மறுபடி அளந்து, புதுப் பாலத்துக்கான விண்ணப்பத்தில் இருந்த 412 அடியைத் திருத்தப் போனார். திருத்தினால் கோப்பு வரிசையின் கடைசிக்குப் போய்விடும். வாண்டா அவர் அலுவலகத்துக்கே வந்து காகிதத்தின்மேல் கையை வைத்துக்கொண்டாள்.

"அந்த நம்பர மாத்தாதீங்க, ஓரின். கடைசிக்குப் போனா அவரு தாங்கமாட்டாரு."

"ஆறு அதுக்குள்ள அடங்காதே, வாண்டா."

"மொதல்ல பாலம் வரட்டும். மிச்சத்த அப்புறம் பாத்துக்கலாம்."

அவர் மாற்றவில்லை. பதினைந்து தற்காலிகச் சட்டங்களுக்குப் பின், 2015 டிசம்பரில் ஐந்தாண்டுச் சட்டம் வந்தது. அதற்கு மூன்று வாரம் முன்பே, சுற்றுப்பாதையின் நாற்பதாவது மைலில், டெல்மர் காரிலேயே இறந்துபோயிருந்தான். பாலம் எழுதியபடி 412 அடி கட்டப்பட்டு, கிழக்குக் கரைக்கு நூற்றைந்து அடி முன்னால் ஆற்றின்மேல் முடிந்தது. ஆய்வாளர்கள் அளந்து, சரியாக இருக்கிறது என்று கையெழுத்திட்டார்கள். நாங்கள் கைதட்டினோம், வெட்கம்தான்.

செவ்வாய், வியாழன், சனிக்கிழமைகளில் வாண்டா பாலத்தின் நுனிவரை ஓட்டிப்போய், சிகிச்சைக்கான நாலு மணிநேரமும் காருக்குள் உட்கார்ந்திருப்பாள். "மாத்த விட்டிருக்கணும்" என்று ஒருமுறை என்னிடம் சொன்னாள். கிளம்பும்போது எதிர்க்கரை நர்ஸ் வெளியே வந்து கையசைப்பாள். வாண்டாவும் அசைப்பாள். 2020இல் மறுபடி ஒரு தற்காலிகச் சட்டம் போட்டார்கள். அடுத்த செவ்வாய்க்கிழமை வாண்டா கையை இன்னும் கொஞ்சம் உயர்த்தினாள்.