காப்பித்தூள் பாட்டிலில் ஒரு கொடி

செத்த பிறகும் ஜெயிக்கப் பார்க்கிறாள் கிழவி என்று நினைத்தாள் மருமகள். நினைத்ததும் கூசியது, ஆனால் நினைத்தது நினைத்ததுதான்.

மாமியாரை எடுத்துப் போய் மூன்று மணி நேரம்கூட ஆகவில்லை. வாடகை நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தவளிடம் நாத்தனார் ஒரு காப்பித்தூள் பாட்டிலை நீட்டினாள். உள்ளே தண்ணீரில் மஞ்சள் பூக்கொடித் துண்டு ஒன்று, பாட்டில் கொள்ளாமல் வேர் விட்டிருந்தது.

"அம்மா ஜன்னல்ல வச்சிருந்தது. முன்னாடி நட்டுடு. நீதான் நர்சரியில வேல பாக்குறவளாச்சே."

ஒரு காலத்தில் முற்றம் முழுக்க இந்தக் கொடிதான். சாக்கடைக் குழாய்க்குள் புகுந்து அடுத்த வீட்டில் தலைநீட்டி, சண்டையும் வந்தது. மூன்று வாரம் மண்டி போட்டு அவள்தான் கிளறி எடுத்தாள். அந்த இடத்தில் விசிறிப் பனை இரண்டு, குரோட்டன்ஸ், குத்தாகவே வளரும் மூங்கில். பரவாது, விதை சிந்தாது. வாரம் ஒரு தண்ணீர் போதும். மாமியார் அன்றோடு முற்றத்தில் கால் வைக்கவில்லை. "ஆஸ்பத்திரி வாசலாட்டம் இருக்கு" என்று வந்தவர்களிடமெல்லாம் சொன்னாள்.

"அது அடங்காது அண்ணி. கணுவுக்குக் கணு வேர் விடும்."

"உனக்கு எல்லாம் வச்ச எடத்துலயே நிக்கணும். செடியும் சரி, என் தம்பியும் சரி."

அந்தத் தம்பி, அவள் புருஷன், நாற்காலியோடு அவளருகே வந்து குரலைத் தாழ்த்தினான். "சும்மா நட்டு வையேன். நாளன்னிக்கு அக்கா கெளம்பிடும். அப்புறம் புடுங்கிப் போட்டுக்கலாம்."

அவள் அவனை ஒரு முறை பார்த்தாள். அக்காவின் பேச்சுகூட அவ்வளவு சுடவில்லை.

"அஞ்சு மாசம் படுத்த படுக்கை," என்று நாத்தனார் வந்தவர்கள் பக்கம் திரும்பினாள். "அப்பவும் இத காய விடல பாருங்க எங்கம்மா. சிலருக்கு அந்த மனசு வராது."

கட்டிலிலிருந்து ஜன்னலுக்கு நாலு எட்டு. கடைசியில் புரண்டு படுக்கவே மாமியாருக்கு இரண்டு பேர் வேண்டியிருந்தது. அப்படியானால் கொடிக்குத் தண்ணீர் மாற்றியது யார் என்று யாரும் யோசிக்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

பாட்டிலை வாங்கிக்கொண்டாள்.

"மண்ணுல வைக்க மாட்டேன், அண்ணி."

சமையலறையில் பழைய தண்ணீரைக் கொட்டி, கழுத்து வரை புதுத் தண்ணீர் பிடித்தாள். காலியான கட்டிலைச் சுற்றிப்போய் ஜன்னலைத் திறந்தாள். கட்டையில் பாட்டிலின் அடி பதிந்த வட்டம் இன்னும் ஈரமாக இருந்தது. அதன் மேலேயே வைத்தாள்.