சக்களத்திக்கு ஆயில் பார்க்கும் நேரம்

1.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை பொறாமையில் பிறந்தது. எனக்கு ஒரு காரின் மேல் பொறாமை. கார் வைத்திருப்பவர் மேல் அல்ல, காரின் மேலேயே. வைத்திருப்பவர் என் கணவர்.

(சிரித்து முடியுங்கள். காத்திருக்கிறேன்.)

இதை எழுத வெட்கப்பட்டு, ஒரு ஆண்பிள்ளையின் தலையில் கட்டத்தான் பார்த்தேன். முதல் தொடக்கம் இப்படி இருந்தது:

“ஆர்.எஸ்.மங்கலத்தில் கூத்தையா என்றொரு விவசாயி இருந்தான். அவனுடைய கூட்டாளி ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வாங்கி வந்து நிறுத்தியதும் கூத்தையாவுக்கு வயிறு”

எரிந்தது என்று முடிக்க வேண்டும். முடிக்கவில்லை. கூத்தையாவை என்னால் நம்ப முடியவில்லை. அடுத்தவன் காரைப் பார்த்துப் பொறாமைப்படுகிறவனுக்கு அந்தக் கார் வேண்டும். எனக்குக் கார் வேண்டாம். அந்தக் காருக்குக் கிடைப்பது வேண்டும். பாவம் கூத்தையா, அறுப்பு நேரத்தில் அவனை இழுத்து வந்துவிட்டேன். போய் வேலையைப் பார் என்று அனுப்பிவிட்டேன்.

2.

இனி என் பெயரிலேயே. ஜஸீலா. ஊர் கீழக்கரை. கதைகள் எழுதுகிறேன், சில அச்சாகியும் இருக்கின்றன.

எங்கள் ஊரில் கல்யாணமானால் பெண் புகுந்த வீட்டுக்குப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். ஆகவே இந்த வீடு என்னுடையது. இதன் வாசலும், வாசலுக்கு ஏறும் சிமெண்ட் சரிவும் என்னுடையவை. ஒரு மழைக்குக் கூடம்வரை தண்ணீர் வந்துவிட, வாப்பா வீட்டை உயர்த்திக் கட்டினார். அதில் வந்தது அந்தச் சரிவு. நடந்து ஏறினாலே மூச்சு வாங்கும். அதை மறந்துவிடாதீர்கள், பின்னால் அதற்கு வேலை இருக்கிறது.*

* கதை எழுதத் தெரிந்தவர்கள் இப்படிக் காட்டிக்கொடுக்க மாட்டார்கள். நீங்கள் மூளையைக் கசக்கிக் கண்டுபிடிக்க வேண்டாம். என் பக்கம் நின்றால் போதும்.

என் கணவர் காஜா நவாஸ் ஷார்ஜாவில் ஒரு அரபி வீட்டில் டிரைவர். அந்த வீட்டுப் பிள்ளைகளின் வேகக் கார்களைத் துடைப்பார், ஆயில் பார்ப்பார், நிழலில் நிறுத்துவார். ஆசைக்கு ஓட்டியதில்லை. வேலையை முடித்துக்கொண்டு ஊர் வந்தவர், நேரே சென்னைக்குப் போய்ப் பழைய சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றைக் கொண்டுவந்தார். இரண்டே கதவு, இரண்டே இருக்கை, தரையோடு தரையாக உட்கார்ந்திருக்கும். அடி தட்டாமல் சரிவில் ஏற்ற அதற்குப் பலகையெல்லாம் போட்டார். நான் அவளுக்குச் சக்களத்தி என்று பெயர் வைத்தேன், மனதுக்குள்.

3.

[இங்கே வர்ணனை வர வேண்டும். கடல் காற்று, காலை வெயில் என்று எழுதி அடித்துவிட்டேன். காலையில் நான் கடலைப் பார்ப்பதில்லை. அவரைத்தான் பார்க்கிறேன்.]

தினமும் கலங்கரை விளக்கம்வரை ஓட்டிப் போய் வருவார். இஞ்சின் சூடாக வேண்டுமாம். சரிவில் ஏற்றி நிறுத்துவார். மூக்கு மேலே, வால் தெருவைப் பார்த்து. இஞ்சினை அணைத்துவிட்டுக் காத்திருப்பார்.

“மச்சான், டீ ஆறுது.”

“இரு புள்ள, ஆயில் கீழ எறங்கட்டும்.”

சோறு போடத் தாமதமானால் தட்டைத் தட்டுகிற மனிதர் இவர். ஷார்ஜாவிலிருந்து பேசும்போது நான் ஒரு வாக்கியம் முடிப்பதற்குள் “சரி, வச்சிரட்டா?” என்று கேட்கிற மனிதர். அவளுக்காகக் கைகட்டி நிற்பார். பிறகு ஆயில் குச்சியை உருவுவார், துடைப்பார், திரும்பச் செருகுவார், மறுபடி உருவுவார். அதில் இரண்டு கோடுகள், ஆயில் அவற்றுக்கு நடுவே நிற்க வேண்டுமாம். கண்ணருகே கொண்டுபோய்ப் படிப்பார். என் கதையைக் கொடுத்தால் முதல் பத்தியிலேயே கொட்டாவி வந்துவிடும். இரண்டு கோட்டை இப்படிப் படிக்கிறார்.

“இன்னைக்கும் கொறஞ்சிருக்கு” என்பார், பிள்ளைக்குக் காய்ச்சல் என்பதுபோல. கொஞ்சம் ஊற்றுவார்.

துடைக்கிற துணியையும் சொல்ல வேண்டும். என்னுடைய வெள்ளைத் துப்பட்டி அது. அவர் முதன்முதலில் ஷார்ஜாவுக்குக் கிளம்பியபோது அதைப் போர்த்திக்கொண்டுதான் வழியனுப்பினேன். புர்கா வந்தபின் பெட்டியில் கிடந்தது. பாதியைக் கிழித்துவிட்டார். “வெள்ளையிலதான் ஆயிலு நெறம் தெரியும்” என்றார். எனக்கு அழுகை வந்தது. மீதிப் பாதியை எடுத்து ஒளித்துவைத்தேன்.

4.

அவளில் நான் ஒரே ஒருமுறை ஏறியிருக்கிறேன். அக்காள்மடத்தில் சாச்சி, அதாவது சித்தி, வீட்டு விசேஷம். பாம்பன் பாலத்தில் ஏறியதும், சொல்ல நினைத்திருந்ததையெல்லாம் சொல்ல ஆரம்பித்தேன்.

“பேசாத புள்ள, சத்தம் கேக்கணும்” என்றார்.

இரண்டு பக்கமும் கடல். பாலத்தில் போகிற ஒவ்வொருவரும் கடலைப் பார்க்கிறார்கள். இவர் இஞ்சினைக் கேட்டுக்கொண்டு வந்தார். நான் என் கைகளைப் பார்த்துக்கொண்டு போனேன்.

திரும்பும்போது பின்னால் வேனில் வந்த பாக்கர் ஒலி எழுப்பி நிறுத்தினார். ராமநாதபுரத்தில் பழைய கார் வாங்கி விற்கிறவர், இவருடைய பள்ளிக்கூடக் கூட்டாளி.

“ஏலே நவாஸு, பொகை நீலமா வருதுடா. இஞ்சினு தேஞ்சிருச்சு. ஆயில் குடிக்கிற வண்டிய வச்சுக்கிட்டு என்ன செய்யப்போற? எங்கிட்ட தள்ளிவிடு.”

இவர் முகம் செத்துப்போனது. என் முகம் எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.

5.

போன வெள்ளிக்கிழமை தண்ணீர் லாரி எங்கள் சரிவை மறித்து நின்றது. காரைத் தெருவில், சமதரையில் விட்டுவிட்டு இவர் ஜும்மாத் தொழுகைக்குப் போனார். லாரி போனதும் நான் வெளியே வந்தேன். தினமும் பார்த்துப் பார்த்து எனக்கும் பாடமாகியிருந்தது. அப்படி என்னதான் இருக்கிறது இந்தக் குச்சியில் என்கிற வயிற்றெரிச்சலில் உருவினேன், துடைத்தேன், செருகினேன், உருவினேன்.

ஆயில் மேல்கோட்டையும் தாண்டி நின்றது.

சரிவைத் தண்ணீர் ஊற்றிக் கழுவுகிறவள் நான். எனக்கு உடனே விளங்கியது. மூக்கு மேலே நின்றால் ஆயில் பின்பக்கமாக ஓடிவிடும், முன்னால் இருக்கிற குச்சிக்கு எட்டாது. குறைந்துவிட்டதென்று இவர் ஊற்றுகிறார். கூடிப்போன ஆயில் எரிந்து நீலப் புகையாகப் போகிறது. மறுபடி சரிவில் பார்க்கிறார், மறுபடி குறைவு, மறுபடி ஊற்றுகிறார். அவளுக்கு ஒரு நோயும் இல்லை. ஷார்ஜாவில் அரபி வீட்டுத் தரை தட்டையானது. சமதரையில் பார் என்று அங்கே இவருக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

இவர் திரும்பி வந்தபோது நான் வாயைத் திறக்கவில்லை. இன்றுவரை திறக்கவில்லை. சந்தோஷமாக இருந்தது. நன்றாகவே இருந்தது.

நேற்றுச் சாப்பிடும்போது இவர் சொன்னார்: “நாளைக்கு ஜும்மா முடிஞ்சு பாக்கர் வாரான். வண்டிய குடுத்துரலாம்னு இருக்கேன்.”

நான் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன்.

“அதுவும் போச்சுன்னா இங்கன எனக்கு என்ன வேலை? அரபி திரும்பக் கூப்புடுறாரு. போயிரலாமான்னு பாக்குறேன்.”

அப்படியானால் இத்தனை நாளாக என் வீட்டில் இவரைப் பிடித்துவைத்திருந்தது யார்? 

6.

முடிவுகள்.

அ) சொல்லிவிடுகிறேன். இவர் காரைச் சமதரையில் நிறுத்திப் பார்க்கிறார், கூடுதல் ஆயிலை இறக்குகிறார், புகை நிற்கிறது. பாக்கர் வெறுங்கையோடு போகிறார். இவர் இருப்பார். அவளும் இருப்பாள். நான் ஆறின டீயோடு ஆயுசு முழுக்க வாசலில் நிற்பேன், அவளால்தான் இவர் இருக்கிறார் என்று தெரிந்தபடியே.

ஆ) சொல்லவில்லை. சரிவு காலியாகிறது. இவர் என் பக்கம் திரும்புகிறார், அல்லது விமான

(இதை எழுத மாட்டேன்.)

இ) இவர் தானாகவே கண்டுபிடிக்கிறார். நான் தெரிந்தும் சும்மா இருந்தேன் என்பதையும். இதையும் எழுத மாட்டேன்.

7.

இப்போது வெள்ளிக்கிழமை காலை. இவர் வெளியே காத்து நிற்கிறார். ஆயில் கீழே இறங்கிக்கொண்டிருக்கிறது. நான் உள்ளே இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

“ஜஸீலா! அந்தத் துணி நனஞ்சு கெடக்கு. வேற துணி எடுத்துட்டு வா புள்ள.”

ஒளித்துவைத்த மீதித் துப்பட்டியை எடுத்துக்கொண்டு போகிறேன். (நடந்துகொண்டே எப்படி எழுதுகிறாய் என்று கேட்காதீர்கள். கதையில் இதெல்லாம் நடக்கும்.) இவர் துணியைப் பார்க்கிறார், என்னைப் பார்க்கிறார். ஞாபகம் இருக்கிறதோ என்னவோ. துடைத்துச் செருகி உருவிய குச்சியைக் கண்ணருகே கொண்டுபோகிறார், தள்ளிப்பிடிக்கிறார், பிறகு என்னிடமே நீட்டுகிறார்.

“கோடு சரியாத் தெரியல புள்ள. கடைசியா ஒருக்கா நீ பாத்துச் சொல்லு. பொடி எழுத்தா எழுதுற ஆளு நீ, ஒனக்குத் தெரியும்.”

நான் எழுதுகிறவள் என்பதை இவர் வாயால் கேட்பது இதுதான் முதல் தடவை.

குச்சி என் கையில். ஆயில் கீழ்க்கோட்டுக்கும் கீழே நிற்கிறது. கார் சரிவில் நிற்கிறது. நான் பொய் சொல்லவே வேண்டாம். குச்சியில் இருப்பதை இருப்பதுபோலச் சொன்னால் போதும், சாயங்காலம் சரிவு காலியாகிவிடும்.

இவர் என் முகத்தையே பார்த்து நிற்கிறார். அவசரப்படுத்தவில்லை. காத்திருக்கிறார், எனக்காக.

“மச்சான்,” என்கிறேன், “குச்சியில