நன்றாகவே சமாளிக்கிறார்கள்

"அந்தக் கதவ என்ன பண்ணப்போற?" என்று நோரீன் கேட்டாள்.

அவள் புருஷன் ஜார்லத் குனிந்து கதவைப் பார்த்தார். சமையலறைக் கதவின் கீழ்ப்பலகையை அவர்கள் மகன் ஃபின்டன் போன வெள்ளிக்கிழமை உதைத்து உடைத்திருந்தான். ஒரு கால் நுழைகிற அளவுக்கு ஓட்டை. மூன்று நாட்களாக அந்த வழியாகக் குளிர்காற்று வந்துகொண்டிருந்தது, ஒருவரும் அதைத் தொடவில்லை. இன்று காலை ஏழு மணிக்கு ஜார்லத் ஆட்டுக் கொட்டகைக்குப் போய் ஒரு பலகையை எடுத்துவந்து அறைந்தார். மேலே வெள்ளைப் பெயிண்ட் அடித்தார். பதினோரு மணிக்குள் அது காயாது என்று இருவருக்கும் தெரியும். கதவைச் சுவரோடு சாய்த்துத் திறந்துவைத்து, முன்னால் ஒரு நாற்காலியைப் போட்டார். பிறகு ஜன்னலைத் திறந்துவிட்டார், பெயிண்ட் வாசனை போக.

பதினோரு மணிக்குச் சுகாதாரத் துறை அதிகாரி வருகிறாள். எட்டு மாதமாக டிரம்கீல் ஊரே கேட்டு வாங்கிய வருகை அது.

டிரம்கீலில் பழைய பள்ளிக்கூடக் கட்டடத்தில் ஒரு பகல் பராமரிப்பு நிலையம் இருந்தது. செவ்வாயும் வியாழனும் ஒன்பதரைக்கு வேன் வரும். ஃபின்டனையும் தனியே விட முடியாத இன்னும் பத்துப் பேரையும் ஏற்றிக்கொண்டு போய் நான்கு மணிக்குத் திரும்பக் கொண்டுவந்து விடும். ஃபின்டனுக்கு முப்பத்தொரு வயது. பேச்சு கிடையாது. ஆறடி உயரம். பிறக்கும்போது மூச்சுத் திணறியதில் மூளையில் ஏதோ ஒன்று அணைந்துபோனது. அந்த இரண்டு நாட்களில்தான் நோரீன் தூங்கினாள். தூங்காதபோது சும்மா உட்கார்ந்திருந்தாள், வீட்டின் அமைதியைக் கேட்டுக்கொண்டு. அந்த இரண்டு நாட்கள் போய்விட்டால் தன் முதுகு ஒரு வருடம்கூடத் தாங்காது என்று அவளுக்குத் தெரியும். வைத்தியரும் அதையே சொல்லியிருந்தார். அப்புறம் ஃபின்டனை டப்ளினுக்கு அருகில் இருக்கும் விடுதிக்கு அனுப்ப வேண்டிவரும். நாலரை மணி நேரப் பயணம். தன்னை ஏன் அங்கே விட்டுவிட்டுப் போனார்கள் என்று கேட்கக்கூட அவனுக்குத் தெரியாது.

நிலையத்தை மூடப்போவதாகக் கடிதம் வந்த நாளிலிருந்து ஊர் எழுந்து நின்றது. வீடுவீடாகக் கையெழுத்து வாங்கினார்கள். ஆலங்கட்டி மழையில் அட்டைகளைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரி வாசலில் நின்றார்கள். டிராக்டர்களை வரிசையாக விட்டுப் பெரிய சாலையை அரை நாள் மறித்தார்கள். கடைசியில் துறை இறங்கிவந்தது. பதினோரு வீடுகளுக்கும் ஓர் அதிகாரியை அனுப்புகிறோம், தேவை உண்மைதானா என்று அவர் நேரில் பார்க்கட்டும், அதன்பின் முடிவு என்றது. போராட்டக் குழுத் தலைவர் டான்ஸி வாத்தியார் பூசை முடிந்ததும் தேவாலய வாசலில் இதை அறிவித்தபோது ஜனங்கள் கைதட்டினார்கள். நோரீன் அழுதாள்.

இவ்வளவும் தெரிந்தும் அவள் இரண்டு நாளாக வீட்டைத் தேய்த்துக் கழுவினாள்.

அந்தப் பக்கத்தில் வழக்கம் ஒன்று உண்டு. சில வருடங்களுக்கு ஒருமுறை பங்குத்தந்தை ஒவ்வொரு வீட்டுக்கும் முறைவைத்து வந்து பூசை வைப்பார். அந்த முறை வருவதற்கு ஒரு மாதம் முன்பே சுவருக்கு வெள்ளையடிப்பார்கள், வேலியைக் கத்தரிப்பார்கள், வருடக்கணக்காக அலமாரியில் இருக்கும் நல்ல கோப்பைகள் கீழே இறங்கும். பாதிரியாருக்காகத் தொடங்கியது, பிறகு படியேறுகிற எந்த அந்நியருக்கும் என்று ஆகிவிட்டது. அழுக்கான வீட்டை வெளியார் பார்ப்பது ஒரு பாவம் மாதிரி. கஷ்டத்தைப் பார்ப்பது அதைவிடப் பெரிய பாவம். வழியில் பார்ப்பவர் எப்படியிருக்கே என்று கேட்டால் குறையொன்றுமில்லை என்றுதான் சொல்ல வேண்டும். பெண்டாட்டி செத்த மறுநாள்கூட ஆட்கள் அப்படித்தான் சொன்னார்கள்.

ஒன்பதரைக்கு நோரீன் இன்னொரு காரியமும் செய்தாள். ஃபின்டனுக்கு மாலையில் கொடுக்க வேண்டிய மாத்திரையைக் காலையிலேயே கொடுத்தாள். ஏன் கொடுத்தாய் என்று பிறகு எத்தனையோ நாள் தன்னையே கேட்டுக்கொண்டாள். அவன் அமைதியாக இருந்தால் அவனுக்கு ஒரு மரியாதை என்று அப்போது நினைத்திருக்கலாம். வேறு யாருக்கோ மரியாதை என்றும் நினைத்திருக்கலாம்.

அதிகாரியின் பெயர் ரூவேன். சின்ன வயசுதான். ஈரக் காலணியை வாசலிலேயே கழற்றியது நோரீனுக்குப் பிடித்துப்போனது. ஃபின்டன் வெள்ளைச் சட்டையில், வாரிய தலையோடு, கணப்படுப்புப் பக்கத்தில் பாதித் தூக்கத்தில் உட்கார்ந்திருந்தான். ரூவேன் அவன் முன்னால் குனிந்து வணக்கம் சொன்னாள். அவன் மெதுவாகச் சிரித்தான். ஆப்பிள் கேக்கை அவள் இரண்டு துண்டு சாப்பிட்டாள். பிறகு மடியில் தாளை வைத்துக்கொண்டு கேட்கத் தொடங்கினாள். தனியாகச் சாப்பிடுவானா, வலிப்பு வருமா, எத்தனை முறை என்றெல்லாம். நோரீன் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள். எண்களைப் பாதியாக்கிச் சொன்னாள்.

"ராத்திரி தூங்குறாரா?"

"தூங்குவான்."

"நீங்க?"

"எனக்கென்ன. குறை சொல்ல ஒண்ணுமில்ல."

"இவ்வளவு பெரிய ஆளத் தூக்கிக் குளிப்பாட்டணும். கஷ்டமா இல்லையா, மிஸஸ் கில்ஹூலி?"

ஜார்லத் முந்திக்கொண்டார். "இவளா? இவ என்னையே தூக்கி வெளிய போட்ருவா. போட்டும் இருக்கா." மூவரும் சிரித்தார்கள். நோரீனின் சிரிப்புதான் கடைசியில் நின்றது.

"உங்கள எப்பவாவது அடிச்சிருக்காரா?"

கணப்பில் ஏதோ சரிந்து விழுந்தது. நோரீனின் இடது முன்கையில், கம்பளிச் சட்டைக்குள், மேல்வரிசைப் பல் முழுவதும் பதிந்த காயம் ஒன்று சீழ் வைத்திருந்தது. ஜார்லத் தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கோபத்துல அடிக்கிறதெல்லாம் அவனுக்குத் தெரியாது" என்றாள்.

அது பொய்யில்லை. அவன் கோபத்தில் கடிப்பதில்லை. பயத்தில்தான் கடிப்பான்.

வெளியே மழை விட்டிருந்தது. நோரீன் கார்வரைக்கும் கூடவே போனாள். ரூவேன் கதவைத் திறந்தவள் ஏறாமல் நின்றாள். "உள்ள சொல்லாதது ஏதாவது இருந்தா இப்ப சொல்லலாம்" என்றாள். குரலைத் தாழ்த்தித்தான் சொன்னாள்.

நோரீன் அவள் முகத்தைப் பார்த்தாள். நல்ல முகம். சொன்னால் கேட்கிற முகம். வாசலில் ஜார்லத் நின்றார். மலைச்சரிவில் ஆடுகள் நின்றன. நோரீன் சட்டைக் கையை மணிக்கட்டு வரை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"அந்தத் திருப்பத்துல ஒரு பெரிய பள்ளம் இருக்கும்மா. பாத்துப் போங்க."

மூன்று வாரம் கழித்து முடிவு வந்தது. டான்ஸி வாத்தியார் பங்கு மண்டபத்தில் அதை நின்றபடி வாசித்தார். பதினோரு குடும்பத்தாரும் தத்தம் பொறுப்புகளை நன்றாகவே சமாளிக்கிறார்கள். வீடுகள் மிகச் சுத்தமாகப் பராமரிக்கப்படுகின்றன. குடும்பத்தாரின் மனவுறுதியும் அண்டை அயலாரின் ஆதரவும் பாராட்டுக்குரியவை. இந்நிலையில் மாத இறுதியோடு நிலையத்தை மூடுவதால் பெரிய பாதிப்பு இருக்காது என்று துறை கருதுகிறது.

அறுபது பேர் இருந்த மண்டபத்தில் தேநீர்க் கொதிகலனின் சத்தம் மட்டும் கேட்டது. பதினோரு வீட்டுக்காரர்களும் ஒருவரையொருவர் பார்க்காமல் இருக்க மிகவும் கஷ்டப்பட்டார்கள்.

நோரீனின் பக்கத்தில் டிம்ப்னா உட்கார்ந்திருந்தாள். அவளுடைய புருஷன் லாரி என்பவருக்கு ஞாபகம் போய் மூன்று வருடம். ரூவேன் வருவதற்கு முந்தின நாள்தான் அவரை ஏரிக்கரையில் இடுப்பளவு தண்ணீரிலிருந்து இழுத்துவந்தார்கள். மறுநாள் டிம்ப்னா அவருக்குக் கோட்டு மாட்டி, டை கட்டி, கொஞ்சம் மறதி உண்டு, அவ்வளவுதான் என்று சொல்லியிருந்தாள்.

"ஏண்டி, நீ என்ன கேக் போட்ட?" என்று டிம்ப்னா உதடு அசையாமல் கேட்டாள்.

"ஆப்பிள்."

"நான் பழக் கேக். மூணு துண்டு தின்னா. ரொம்ப நல்லாருக்குன்னா. தின்னுட்டுப் போய் நம்மள மூடிட்டா."

டான்ஸி வாத்தியார் மேல்முறையீடு செய்வோம் என்றார். தானே எழுதுவதாகச் சொன்னார். டிரம்கீலின் கௌரவத்துக்குக் குறைவு வராத கடிதமாக இருக்கும், யார் வீட்டு அந்தரங்கமும் அதில் வராது என்று உறுதி கொடுத்தார். பலர் நிம்மதியாகத் தலையாட்டினார்கள்.

நோரீன் எழுந்ததை முதலில் யாரும் கவனிக்கவில்லை. தேநீர் ஊற்றத்தான் எழுந்தாள் என்று நினைத்தார்கள்.

"வாத்தியாரே, அந்தப் பொண்ணு தப்பா ஒண்ணும் எழுதல" என்றாள். "நாங்க சொன்னதத்தான் எழுதியிருக்கா. நான் அவன மாத்திரை கொடுத்துத் தூங்க வச்சேன். ஒடஞ்ச கதவ மறச்சோம். கைல கடிச்ச காயத்த மறச்சேன். அவ கேட்டா. ரெண்டு தடவ கேட்டா. நான் பொய் சொன்னேன்."

மண்டபம் தன் காலணிகளைப் பார்த்தது.

"உக்காரும்மா நோரீன்" என்றார் வாத்தியார், மிகவும் பரிவாக. "நீ களைச்சுப்போயிருக்க. இதெல்லாம் இங்க வேண்டாம்."

அவள் மற்றப் பத்து வீட்டுக்காரர்களைத் தேடிப் பார்த்தாள். ஒருவர் வாயைத் திறந்தால் போதும் என்றிருந்தது. டிம்ப்னா தன் கைப்பையின் பூட்டைத் திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள். பின்வரிசையில் ஜார்லத் தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

வீடு வரைக்கும் நான்கு மைல். ஜார்லத்தான் காரை ஓட்டினார். வீட்டு முற்றத்தில் வண்டியை நிறுத்திய பிறகும் இறங்காமல், கண்ணாடித் துடைப்பான் இங்கும் அங்கும் போவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஊரு முன்னாடி அவன இப்படிச் சொல்லிட்டியே."

"அவனச் சொல்லல. நம்மளச் சொன்னேன்."

மேல்முறையீடு நல்ல இலக்கண சுத்தமான கடிதமாகப் போயிற்று. பதில் வரவில்லை. மாதம் முடிந்தது.

முதல் செவ்வாய்க்கிழமை ஒன்பது மணிக்கு ஃபின்டன் தானாகவே கோட்டை எடுத்துக்கொண்டு வெளிவாசலுக்குப் போய் நின்றான். கிழமைகளை அவன் எப்படி அறிந்தான் என்று யாருக்கும் தெரியாது. ஒன்பதரை ஆயிற்று. நோரீன் போய் அவன் கையைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். அவன் சாலையின் அந்தத் திருப்பத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். பத்து மணிக்கு முனகத் தொடங்கினான். பத்தரைக்கு வாசல் தூணில் நெற்றியை முட்டத் தொடங்கினான். ஜார்லத் பின்னாலிருந்து கட்டிப்பிடித்தார், நோரீன் தூணுக்கும் அவன் நெற்றிக்கும் நடுவே தன் உள்ளங்கையை வைத்தாள். மூன்று பேரும் அப்படியே சேற்றில் சரிந்து உட்கார்ந்தார்கள். அவன் அவள் தோளைக் கடித்தான். விட்டான். மறுபடியும் சாலையைப் பார்த்தான்.

உள்ளே, அடுப்பின் மேல் தட்டில் மாத்திரை டப்பா இருந்தது. ஜார்லத் வீட்டுப் பக்கம் பார்த்தார். அவள் தன்னைப் பார்ப்பதையும் பார்த்தார்.

"கார எடு" என்றாள் நோரீன்.

"எங்க?"

"அந்தப் பொண்ணோட ஆபீசுக்கு."

ஃபின்டனின் நெற்றித் தோல் கிழிந்திருந்தது. கால்சட்டை நனைந்திருந்தது, சேற்று ஈரத்தால் மட்டும் அல்ல. நோரீனின் தலை கலைந்து கிடந்தது, சட்டையின் ஒரு தோள் கிழிந்திருந்தது.

"இப்படியேவா?"

"இப்படியே."

ஜார்லத் இருவரையும் மேலும் கீழும் பார்த்தார். முப்பத்தொரு வருடத்தில் அவர்கள் மகனை வெள்ளைச் சட்டை இல்லாமல் டவுனுக்குக் கூட்டிப்போனதில்லை. பிறகு சாவி எடுக்கப் போனார்.

டவுன் அலுவலகத்தின் காத்திருப்பு அறையில் பதினைந்து பேர் இருந்தார்கள். அவர்களில் நான்கு பேர் தெரிந்த முகம். மூவரும் உள்ளே வந்ததும் பேச்சு நின்றது. நோரீன் மகனை நடுவில் இருந்த பெஞ்சில் உட்காரவைத்து, தானும் ஒட்டி உட்கார்ந்தாள். வரவேற்பு மேசைப் பெண்ணிடம், மிஸ் ரூவேனைப் பார்க்க வேண்டும், அவர் எழுதிய அறிக்கையில் ஒரு வீட்டைத் திருத்த வேண்டும் என்றாள். ரூவேன் வெளியே போயிருப்பதாகவும் பிற்பகல்தான் வருவார் என்றும் அந்தப் பெண் சொன்னாள். பரவாயில்லை என்றாள் நோரீன்.

அப்போது ஃபின்டன் கத்தினான். நீளமாக, மூச்சு முழுவதும் தீரும்வரை. ஒரு குழந்தை அழ ஆரம்பித்தது. வரவேற்புப் பெண் அவசரமாக எழுந்துவந்தாள். நல்ல மனசுக்காரிதான், கண் கலங்கியிருந்தது. பின்னால் ஒரு தனி அறை இருக்கிறது என்றாள், சோபா இருக்கிறது, கதவைச் சாத்திக்கொள்ளலாம், யார் கண்ணிலும் படாது.

"வேண்டாம்மா" என்றாள் நோரீன். "இங்கயே இருக்கோம்."

"உங்களுக்காகத்தான் சொல்றேன். நீங்களாவது சொல்லுங்க சார்."

ஜார்லத் இன்னும் கதவருகிலேயே நின்றார். அறையிலுள்ள எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். காதுவரை சிவந்துபோயிருந்தது அவருக்கு. அவர் நடந்துவந்து மகனின் மறுபக்கம் உட்கார்ந்து, அவன் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"நாங்க இங்கயே இருக்கோம்" என்றார்.

ஃபின்டன் மறுபடி கத்தினான். எதிர்வரிசையில் ஒருவர் பத்திரிகையை உயர்த்தி முகத்தை மறைத்தார். ஜன்னலுக்கு வெளியே போனவர்கள் நின்று உள்ளே பார்த்தார்கள். நோரீன் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். யாரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை.