கீழே வைத்த காப்பி

தங்கள் புனிதத் தலமான லாலிஷ் கோயிலின் மண்ணை உருட்டிக் காயவைத்த உருண்டையைப் பாஸே உள்ளங்கையில் வைத்து நசுக்கிக்கொண்டிருந்தாள். செத்துப்போன அப்பாவைக் குளிப்பாட்டி முடித்ததும் அவர் வாயிலும் கண்ணிலும் மதகுருவான ஷேக் அதை வைக்க வேண்டும். பெட்டியில் இன்னொரு உருண்டை இருந்தது. அது அண்ணன் தகீலுக்கு என்று அப்பா பத்து வருடமாக யாரையும் தொடவிட்டதில்லை.

சித்தப்பா எலியாஸ் கூடாரத் துணியை விலக்கி எட்டிப் பார்த்தார்.

"ஹம்மூத் வந்திருக்கான்."

"எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வந்தானாம்?"

"கத்தாத. காப்பி குடுத்தோம். குடிக்காம கீழ வச்சுட்டான்."

துக்க வீட்டில் கசப்புக் காப்பியை வாங்கிக் கீழே வைப்பவன் எதையோ கேட்க வந்திருக்கிறான். வீட்டுக்குரியவர் "குடி" என்று சொல்லிவிட்டால் கேட்டதைக் கொடுத்ததாக அர்த்தம். அப்புறம் வாக்கு மாறக் கூடாது. அப்பா ஷமோவின் வீட்டில் அப்படிச் சொல்வதற்கு இப்போது பாஸே ஒருத்திதான் மிச்சம்.

ஹம்மூத் பக்கத்து ஊர் அரபுக்காரர். தகீலுக்குச் சுன்னத் செய்தபோது மடியில் வைத்துக்கொண்டவர். அந்த மடியில் ரத்தம் விழுந்ததால் இரண்டு குடும்பமும் கிரீவ் உறவு, கூடப்பிறந்தவர்களுக்கு ஒரு படி மேல். பத்து வருடம் முன்பு சிஞ்சாரில் தீவிரவாதிகளின் கறுப்புக் கொடி ஏறிய அந்த ஆகஸ்டில், "நான் இருக்கேன், வீட்ட விட்டு நகராதீங்க" என்று போனில் சொன்னவரும் இந்த உத்தமர்தான். ஊரே மலைக்கு ஓடியபோது இவர்கள் அதை நம்பி உட்கார்ந்திருந்தார்கள். மறுநாள் அவருடைய மகன் நாயிஃப் துப்பாக்கிக்காரர்களைக் கூட்டிவந்து வாசலில் நின்று தகீலைக் கைகாட்டினான்; அவர்கள் இழுத்துப்போனவன் திரும்பவில்லை. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒளிந்திருந்த பாஸே மட்டும்தான் அதைப் பார்த்தாள். நாயிஃப் இப்போது சிறையில் இருக்கிறான். அடுத்த மாதம் விசாரணை.

அவள் வந்து நின்றதும் ஹம்மூத் எழ முயன்றார், முடியவில்லை.

"பாஸே, மகளே, உன் அண்ணன் எங்க கெடக்கான்னு எனக்குத் தெரியும்."

சித்தப்பாவின் விரலில் மணிமாலை நின்றது.

"சொல்றேன். நீ கோர்ட்டுக்குப் போகக் கூடாது. உன் சாட்சி இல்லேன்னா கேஸு நிக்காது."

"அப்பா உயிரோட இருக்கும்போது சொல்றதுக்கென்ன? வாயில புண்ணா?"

"உங்கம்மா இருக்கும்போதே ரெண்டு தடவ வந்தேம்மா. ரெண்டு தடவையும் உங்கப்பன் குடின்னு சொல்லாம காப்பிய ஆறவிட்டான். எலும்பு வேணாம், உம் மவன் தூக்குல தொங்கணும்னு சொல்லிட்டான்."

 அம்மா, தோண்டியெடுக்கும் எலும்புகளோடு ஒப்பிட்டுப் பார்க்க ரத்தம் கொடுத்துக் கொடுத்தே ஓய்ந்துபோய், போன வருடம் மகனின் சட்டையைக் கட்டிக்கொண்டு செத்தாள். அப்பா இதை மனசில் வைத்துக்கொண்டே பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். யாருடைய சாட்சி, யாருடைய அண்ணன்? அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. செத்தவர்மேல் இவ்வளவு ஆத்திரம் வரும் என்று அவள் நினைத்ததில்லை.

"குடிங்க," என்றாள்.

"அவசரப்படாத," என்றார் சித்தப்பா. "உங்கப்பன இன்னும் எடுக்கக்கூட இல்ல."

"பத்து வருஷம் போதும் சித்தப்பா. குடிங்க, கிரீவ்."

அந்த உறவுப்பேர் வாயில் கசந்தது. ஹம்மூத் ஆறிப்போன காப்பியை ஒரே மடக்கில் குடித்தார். தாடியில் வழிந்ததைத் துடைக்கவில்லை.

"செங்கல் சூளைக்குப் பின்னால மூடுன கெணறு. அவனோட இன்னும் ஆறு பேரு."

அவள் திரும்பிப் பார்க்காமல் இடுகாட்டு மேட்டுக்கு நடந்தாள். அங்கே மாமன் மகன் கித்ர் குழி வெட்டிக்கொண்டிருந்தான்.

"பக்கத்துல இன்னொண்ணுக்கு எடம் விட்டு வெட்டு."

"யாருக்கு?"

"தகீலுக்கு."

கித்ர் மண்வெட்டியைப் போட்டுவிட்டான். 

"கெடச்சுட்டானா? கெடச்சுட்டானா பாஸே? இனி அந்த நாயிஃப் நாய விட்றாத. கோர்ட்டுல ஏறி ஒரே போடாப் போடு. மாமா ஆத்மா குளிரும்."

பாஸே குழிக்குள் எட்டிப் பார்த்தாள்.

"அடியில கல்லு துருத்திக்கிட்டிருக்கு பாரு," என்றாள். "எடுத்துரு. அப்பாவுக்கு முதுகுல குத்தும்."