மந்திரி ஆட்டுக்காகக் கண் பூத்தவர்கள்

எதிர்பார்த்திருந்த படத்தின் வெளியீடு இரண்டாம் முறையாகத் தள்ளிப்போன வெள்ளிக்கிழமை காலையில், திண்டுக்கல் பேகம்பூரில் ரஃபியாவின் இடது கண்ணில் ஒரு பூ பூத்தது. மேல் இமையின் ஓரத்தில், இரண்டு முடிகளுக்கு நடுவே, தும்பையைவிடச் சற்றுப் பெரிதாக, ஐந்து இதழ்களோடு வெள்ளையாக இருந்தது. அன்று மார்க்கெட்டில் மல்லிகை வரத்து குறைவு, வெயில் வழக்கம்போல, தண்ணீர் லாரி வரவில்லை. டீ ஆற்றிக்கொண்டிருந்த ரஃபியா பார்வையின் மூலையில் வெள்ளையாக ஏதோ ஆடுவதைக் கண்டு கணவனைக் கூப்பிட்டாள். தோல் வியாபாரியான முகமது பாரூக் கிட்டே வந்து பார்த்துவிட்டு, "பஞ்சு ஒட்டிருக்கு, தொடச்சுக்க" என்றார். துடைத்தால் வரவில்லை. அவரே இரண்டு விரலால் பிடித்து மெல்ல இழுத்தார். இமையும் கூட வந்தது. "அல்லா! வேரு பிடிச்சிருக்கு புள்ள" என்று கையை எடுத்துக்கொண்டார்.

காத்திருந்து காத்திருந்து கண்ணு பூத்துப்போச்சு என்று இந்த ஊரில் டவுன் பஸ்ஸுக்கு நிற்பவர் முதல் பட்டாவுக்கு அலைபவர் வரை எல்லோரும் சொல்வதுண்டு. அப்படிச் சொன்ன எவருக்கும் அதுவரை பூத்ததில்லை. ரஃபியாவுக்குப் பூத்ததற்குக் காரணம் ஒரு ஆடு.

'மந்திரி ஆடும் உப்புமலையும்' என்பது சிறுவர் வார இதழ் ஒன்றில் தொடராக வந்து, பிறகு புத்தகமாகி, மூன்று தலைமுறைப் பிள்ளைகள் சோற்றுத் தட்டுக்குப் பக்கத்தில் விரித்துவைத்துப் படித்த கதை. மாதுளை என்கிற சிறுமியும் பேசத் தெரிந்த ஒரு வெள்ளாடும், அழுகிறவர்களின் கண்ணீரால் வளர்ந்துகொண்டே போகும் ஒரு மலையைத் தேடிப் போகிறார்கள். மலை உச்சியில் ஒரு கதவு, கதவில் ஒரு பூட்டு. அது திண்டுக்கல் பூட்டுதான் என்பதில் இந்த ஊரில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. புத்தகத்தில் அப்படி எங்கும் எழுதியிருக்கவில்லை என்பதை வெளியூர்க்காரர்கள்தான் சொல்வார்கள். ரஃபியாவுக்கு அந்தப் புத்தகம் ஐந்தாம் வகுப்பில் கட்டுரைப் போட்டிக்குப் பரிசாகக் கிடைத்தது. முக்கால்வாசி படித்து, கொல்லையில் கவிழ்த்துவைத்துவிட்டு அவள் தண்ணீர் குடிக்கப் போன நேரத்தில், பக்ரீத்துக்காக அவள் அத்தா வாங்கிக் கட்டியிருந்த கிடா கயிற்றை எட்டும் மட்டும் இழுத்து வந்து கடைசி அத்தியாயத்தைத் தின்றுவிட்டது. மிஞ்சிய பக்கத்தின் கடைசி வரி இப்படி நின்றது: 'மந்திரி ஆடு பூட்டை முகர்ந்து பார்த்தது. பிறகு மாதுளையின் பக்கம் திரும்பி,' அந்தக் காற்புள்ளிக்கு அப்புறம் பல் பட்ட தடம்தான் இருந்தது.

அடுத்த வாரம் பக்ரீத் வந்தது, கிடா போனது. ரஃபியா அன்று கறி தொடவில்லை. அவளுடைய அண்ணன் மட்டும் ஈரலைத் தின்றுவிட்டு, "எனக்கு முடிவு தெரிஞ்சுபோச்சே" என்று தெருவெல்லாம் சொல்லித் திரிந்து அத்தாவிடம் உதை வாங்கினான். அதன் பிறகு நூலகத்தில் அதே புத்தகம் கண்ணில் பட்டது, புதிய பதிப்பு வந்தது, கல்யாணத்துக்குக்கூட ஒரு தோழி அதையே பரிசளித்தாள். ரஃபியா எதையும் திறக்கவில்லை. யாராவது முடிவைச் சொல்ல வாயெடுத்தால் காதைப் பொத்திக்கொண்டு சூரா ஓதத் தொடங்கிவிடுவாள். அந்த வார்த்தையைத் தின்றது ஓர் ஆட்டின் வாய், அதை ஓர் ஆட்டின் வாயே திருப்பித் தர வேண்டும், அதைத் தன் கண்ணால் பார்க்க வேண்டும் என்பது பத்து வயதில் அவள் எடுத்த முடிவு. வளர்ந்த பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். முடியவில்லை. ஆகவே அந்தக் கதையைப் படமாக எடுக்கிறார்கள், ஆடு நிஜ ஆடு போலவே வாயசைத்துப் பேசும் என்ற செய்தி வந்தபோது, அவள் ஃபோனைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பாரூக், "சின்னப்புள்ளக படத்துக்கா இம்புட்டு?" என்றார்.

பூ அவளோடு நிற்கவில்லை. படத்துக்காக ஊரில் ஒரு வாட்ஸ்அப் குழு இருந்தது. கொடைரோட்டிலிருந்து தினமும் ரயிலில் வந்து மருந்துக்கடையில் வேலை பார்க்கும் ஜீவிதாதான் அதன் பொறுப்பாளர். மூன்றாம் முறை தேதி மாறிய வாரம் அவளுக்கு இரண்டு கண்ணிலும் பூத்தது. பூ மார்க்கெட்டில் கமிஷன் கடை வைத்திருக்கும் ஒச்சப்பனுக்கு வலது கண்ணில் கொத்தாக வந்தது. அவர் அந்தக் கதையைச் சிறு வயதில் முடிவெட்டும் கடையில் வாரா வாரம் படித்தவர், தன் சரக்கு வேனுக்கு 'மந்திரி' என்று பெயர் எழுதி வைத்திருப்பவர். பூவுலகில் அவருக்குத் தெரியாத பூ இல்லை என்பதால் குழுவினர் அவரிடமே கேட்டார்கள். மல்லி இல்லை, முல்லை இல்லை, பிச்சியும் இல்லை என்று ஒவ்வொன்றாகக் கழித்துவிட்டு, சாயந்திரமானால் புதுப் புத்தகத்தைப் பிரித்த வாசம் வருகிறது, இதற்கு மார்க்கெட்டில் விலை கிடையாது என்றார். சாணார்பட்டி பக்கத்துத் தோட்டங்களிலிருந்து தேனீக்கள் ஊருக்குள் வரத் தொடங்கின. பஸ்ஸில் குழு உறுப்பினர்களுக்குப் பக்கத்து இருக்கை எப்போதும் காலியாக இருந்தது. ஹெல்மெட் கண்ணாடியை இறக்க முடியாது என்று சொன்னவர்களைப் போக்குவரத்துக் காவலர்கள் உற்றுப் பார்த்துவிட்டுப் போகச் சொன்னார்கள்.

ஆனால் பூக்கள் பெருகின. தேதி தள்ளத் தள்ள இமை முழுவதும் அடர்ந்தது. நான்காம் முறை தள்ளியபோது ரஃபியாவுக்கு இடது கண் முழுக்க மறைந்து, வலது கண்ணில் சாவித் துவாரம் அளவுக்கு ஒரு சந்து மிஞ்சியது. கண் டாக்டர், வயதில் சின்னப் பெண், வெகுநேரம் விளக்கடித்துப் பார்த்தார். "பார்வைக்கு ஒண்ணும் இல்லைக்கா. காம்பு இமையோட நிக்குது. ரெண்டு நிமிஷத்துல எடுத்துரலாம், வலிக்காது." ரஃபியா எழுந்துபோய் அங்கிருந்த படுக்கையில் படுத்தாள். டாக்டர் கையுறையை மாட்டியபடியே, "ஒண்ணு மட்டும் புரியல. எடுத்துக்கிட்டவங்க யாரும் அப்புறம் அந்தப் படத்தப் பத்திப் பேசவே மாட்டேங்கிறாங்க" என்றார். ரஃபியா படுக்கையிலிருந்து இறங்கிச் செருப்பை மாட்டிக்கொண்டாள்.

அது உண்மைதானா என்று பார்க்க அவள் நேரே பூ மார்க்கெட்டுக்குப் போனாள். தராசு முள் தெரியவில்லை என்று ஒச்சப்பன் முந்தின நாள்தான் தன் கண் பூக்களை மொட்டுக் கிள்ளுவதுபோலத் தானே கிள்ளி எறிந்திருந்தார். செவ்வந்தி மூட்டைகளுக்கு நடுவே தெளிந்த கண்ணோடு உட்கார்ந்திருந்தார்.

"என்னண்ணே, மொத நாள் டிக்கெட் நமக்குச் சேத்துத்தான எடுக்குறீங்க?"

"எதுக்குத்தா டிக்கெட்டு?"

"படத்துக்குண்ணே. மந்திரி ஆடு."

"ஆட்டுக்கு எதுக்குத்தா டிக்கெட்டு எடுத்துப் பாக்கணும்? எங்கூருக்கு வா, மந்தையே நிக்குது. சும்மாப் பாரு."

அவர் கிண்டல் செய்யவில்லை. வாசலில் நின்ற தன் வேனைக் காட்டி, "எந்தப் பய இதுல மந்திரின்னு எழுதிவச்சான்னு தெரியல. கட்சிக்காரன் வண்டின்னு நெனச்சு டீக்கடையில எல்லாரும் எந்திரிச்சு நிக்கிறாய்ங்க" என்று வருத்தப்பட்டார். ரஃபியா சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள். பறித்தால் கண் வரும், ஆசை போகும். விட்டால் ஆசை இருக்கும், ஆடு வாய் திறக்கும்போது அதைப் பார்க்கக் கண் இருக்காது. அன்றிரவு பாரூக், "பறிச்சிரு புள்ள. படந்தான போகும், கண்ணு மிஞ்சும்ல" என்றார். "படம் போனாப் பரவால்ல. வேணும்ங்கிறதே போயிருதுங்க" என்றாள் ரஃபியா. அவர் எழுந்து மின்விசிறியைக் கூட்டி வைத்தார்.

கடைசியில் தேதி உறுதியானது. குழு ஒரு பிரியாணிக் கடையின் மாடியில் கூடியது. பாதிப் பேரைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்திருந்தார்கள். பேனரில் மந்திரி ஆடு எந்தப் பக்கம் பார்க்க வேண்டும், பாலாபிஷேகம் செய்யலாமா, ஆட்டுக்குப் பால் ஊற்றுவதா, தழை வைப்பதா என்று விவாதம் சூடாக நடந்தது. நடுவில் ஜீவிதா சாப்பிட்டுக்கொண்டிருந்த கையை எடுத்துவிட்டு, பூக்களுக்கு இடையில் தன் இலையை உற்றுப் பார்த்தாள். இந்த ஊரில் நாலு பேர் கூடினால் இலையில் என்ன விழும் என்று யாரும் கேட்பதில்லை. யாரும் கேட்காமலேயே சீரகச் சம்பாவில் மட்டன் பிரியாணி வந்திருந்தது, யாரும் கவனிக்காமலேயே பாதி காலியாகியிருந்தது.

"ஏங்க, மந்திரிக்கு விழா எடுக்கிறோம்னு மந்திரியவே தின்னுக்கிட்டு இருக்கோம்."

"இது வேற ஆடு" என்றார் ஒருவர். "அத ஆட்டுக்கிட்டச் சொல்லு" என்றார் இன்னொருவர். படம் வெளியாகும் நாளில் கறி போடாத குஸ்காதான் என்று ஏகமனதாகத் தீர்மானம் ஆனது. இலையில் மிச்சம் இருந்ததை வீணாக்கக் கூடாது என்பதும் அதே தீர்மானத்தில் சேர்ந்தது. ரஃபியா மட்டும் தன் இலையை மூடினாள். பத்து வயதில் தொடாத அதே துண்டு மறுபடி தன் முன்னால் வந்துவிட்டதாக அவளுக்குத் தோன்றியது.

படம் வந்த காலையில் அவளுடைய இரண்டு கண்களும் முழுமையாக மூடியிருந்தன. பாரூக் தோல் கோடவுனைப் பூட்டிவிட்டு வந்து, அவள் கையைப் பிடித்துத் தியேட்டருக்குக் கூட்டிப்போனார். வாசலில் கல்யாண வீட்டு வாசனை அடித்தது. ஒரு தேனீ டிக்கெட் கிழிப்பவரின் கையில் உட்கார்ந்திருந்தது, அவர் மறு கையால் கிழித்தார். விளக்கு அணைந்ததும் ரஃபியா, "என்ன ஓடுது?" என்றாள்.

"சிகரெட் குடிக்காதேங்கிறான்."

"இப்ப?"

"நகைக்கடை."

"இப்ப?"

"அதே நகைக்கடைக்கு எதுத்தாப்புல இருக்கிற நகைக்கடை. செத்த இரு புள்ள, சொல்றேன்ல."

பிறகு அவர் சொன்னார். மாதுளை வருகிறாள், ரெட்டைச் சடை, ஒல்லிப் பிள்ளை, காலில் செருப்பில்லை. ஆடு வருகிறது. கம்ப்யூட்டரில் செய்த ஆடுதான், ஆனால் முடி நன்றாக இருக்கிறது, தோலும் நல்ல தோல், எங்கும் கீறலில்லை, முதல் தரம். "வாயி?" என்று கேட்டாள். "அசையுது. நம்ம பேசுறாப்புலயே அசையுது." முன் வரிசையில் யாரோ சத்தம் போடாதீங்க என்றார்கள். பாரூக் குரலைத் தாழ்த்திக்கொண்டு, பாலைவனத்தையும் கண்ணீர் ஆற்றையும் தும்மல் ராஜாவின் கோட்டையையும் பேகம்பூர் தமிழில் அவள் காதுக்குள் இறக்கினார். இடைவேளையில் பாப்கார்ன் வேண்டுமா என்று கேட்க மறந்தார். அதற்குப் பிறகு அவருடைய பேச்சு குறைந்தது, பிறகு நின்றேவிட்டது. ரஃபியா முழங்கையால் இடித்தாள்.

"என்னங்க, என்ன ஆச்சு?"

"சும்மா இரு புள்ள. பாக்க விடு."

அவளுக்குக் கோபம் வரவில்லை. சுற்றிலும் அரங்கம் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது கேட்டது. உப்பு மேல் குளம்பு படும் சத்தம் கேட்டது. பிறகு, கதவு வந்துவிட்டது என்று யாரும் சொல்லாமலே அவளுக்குத் தெரிந்தது, ஏனென்றால் இரண்டு கண்களிலும் இருந்த அத்தனை பூவும் ஒரே சமயத்தில் காம்பு விட்டு மடியில் உதிர்ந்தன. திரை முழுக்க வெள்ளை மலை. மலை உச்சியில் கதவு. கதவில் பூட்டு, சந்தேகமில்லாமல் திண்டுக்கல் பூட்டு. தியேட்டரே விசிலடித்தது. மந்திரி ஆடு பூட்டை முகர்ந்து பார்த்தது. பிறகு மாதுளையின் பக்கம் திரும்பி, வாயைத் திறந்தது. அந்த வாயின் ஓரத்தில், பல்லுக்கு நடுவே, கிழிந்த காகிதம்போல வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்ததை ரஃபியா பார்த்தாள். மற்ற யாரும் அதைப் பார்த்ததாகச் சொல்லவில்லை. திரை கறுத்தது. மீதி இரண்டாம் பாகத்தில் என்று எழுத்து வந்தது.

சிலர் நாற்காலியைத் தட்டினார்கள், சிலர் கத்தினார்கள். ஜீவிதா எங்கிருந்தோ, "இன்னும் ரெண்டு வருஷமா!" என்று அழுவது கேட்டது. ரஃபியா மடியிலிருந்த பூக்களைத் துப்பட்டாவில் அள்ளிக்கொண்டு சிரித்தாள். அன்று கிடா எந்த இடத்தில் கடித்ததோ சரியாக அதே இடத்தில் இந்த ஆடும் கடித்திருந்தது. இம்முறை அது வாய் திறப்பதை மட்டும் தன் கண்ணால் பார்த்துவிட்டாள்.

வீடு போகும் வழியில் மேம்பாலத்தில் பாரூக் வண்டியை மெதுவாக்கி, அந்த ஒச்சப்பனுக்கு முடிவு தெரியும்தானே என்று கேட்டார். தெரிந்திருந்தது, இப்போது மறந்துவிட்டார் என்றாள். "நல்லதாப் போச்சு" என்றார். அந்த வாரம் தோல் வாங்க வந்த ஒருவர் பேச்சுவாக்கில், கதவுக்குப் பின்னால் என்ன இருக்கிறது தெரியுமா பாய் என்று ஆரம்பித்தபோது, பாரூக் பட்டப்பகலில் கோடவுன் ஷட்டரை இழுத்துவிட்டார். ஆள் வெளியே நின்று கூப்பிடக் கூப்பிட உள்ளே சத்தமாக ஓதிக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை ரஃபியாவின் வலது கண்ணில் ஒரு மொட்டு இருந்தது. அவள் அதைக் கண்ணாடியில் பார்த்துவிட்டு டீ போடப் போனாள். பாரூக் படுக்கையில் உட்கார்ந்து இடது கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தார்.

"தேய்க்காதீங்க. காம்பு ஒடிஞ்சிரும்."

அவர் கையை எடுத்தார். "தண்ணி கிண்ணி ஊத்தணுமா?"

"ஒண்ணும் வேணாம். சும்மா இருந்தாப் போதும்."

டீயைக் குடித்துவிட்டு அவர் வண்டியை எடுத்தார். தெருமுனை திரும்பும்போது ஒரு தேனீ வந்து அவர் கண்ணோரம் உட்கார்ந்தது. வண்டியை ஓரமாக நிறுத்தி, அது வேலையை முடித்துக்கொண்டு எழும் வரை இருந்து, பிறகு கோடவுனுக்குப் போனார்.